மூன்று துண்டாகப் பிரிந்த கத்தி

பாரிஸில் கத்தி செய்து பிழைத்த ழான் ழாக் பெரேயின் கண் ஒரு தச்சரின் இழைப்புளி மேல் விழுந்தது. மரக்கட்டைக்குள் உளி ஒளிந்திருக்கும். நுனி மட்டும் மயிரிழை அளவு வெளியே எட்டிப் பார்க்கும். எவ்வளவு அழுத்தித் தள்ளினாலும் அதற்கு மேல் மரத்தில் இறங்காது. மடக்குக் கத்தியால் முகம் மழித்த காலம் அது. ஒரு தும்மல் போதும், கன்னம் கிழிந்துவிடும். பெரே சவரக்கத்தியின் அலகுக்கு மரத்தால் ஓர் உறை போட்டார். விளிம்பு கொஞ்சமாக மட்டும் வெளியே தெரிந்தது. தனக்குத் தானே சவரம் செய்துகொள்ளும் கலையைப் பற்றி 1769-ல் ஒரு புத்தகமும் எழுதினார். கத்திக்குக் காவல் பிறந்துவிட்டது. ஆனால் பிடிக்கும் விதம் பழைய மாதிரியேதான் இருந்தது. அதை மாற்ற, ஆகாயத்தில் பறக்க ஆசைப்பட்ட ஒருவர் வரவேண்டியிருந்தது.

இங்கிலாந்தின் வில்லியம் சாமுவேல் ஹென்சன் 1842-ல் நீராவியில் ஓடும் ஆகாய விமானத்துக்கு வரைபடம் போட்டவர். ரைட் சகோதரர்கள் பிறப்பதற்கே இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. மாதிரி விமானம் பறக்க மறுத்தது. பணம் போட்டவர்கள் விலகினார்கள். அந்தத் தோல்விக்குப் பிறகு, 1847-ல், அவர் ஒரு சவரக்கத்திக்குக் காப்புரிமை வாங்கினார். அதில் அலகு கைப்பிடியின் நீட்சியாக இல்லை. மண்வெட்டியில் இலை நிற்பதுபோலக் குறுக்கே நின்றது. அலகின் ஓரத்தில் சீப்புப் பல் போல ஒரு தடுப்பு. இன்றைக்கு உலகம் முழுவதும் குளியலறைகளில் இருக்கும் வடிவம் அதுதான். ஹென்சனோ அடுத்த ஓரிரு ஆண்டில் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிட்டார். அவருடைய மண்வெட்டிக் கத்தி யார் கையிலும் பெரிதாகச் சேராமல் காத்துக் கிடந்தது.

1880-ல் நியூயார்க்கில் காம்ஃபே சகோதரர்கள் மூவர் அதற்கு உயிர் கொடுத்தார்கள். ‘ஸ்டார்’ என்று பெயர் வைத்தார்கள். ‘சேஃப்டி ரேசர்’ என்ற சொல்லும் அவர்களோடுதான் புழக்கத்துக்கு வந்தது. குட்டிப் பெட்டி போன்ற தலை. வழித்த நுரையும் மயிரும் அந்தப் பெட்டிக்குள் விழும். நல்ல ரேசர்தான், நன்றாகவும் விற்றது. ஒரே தொல்லை, உள்ளே இருந்த அலகு. மடக்குக் கத்தியை ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி வைத்ததுபோல முதுகு தடித்திருந்தது. ஒவ்வொரு சவரத்துக்கும் அதை வெளியே எடுத்துத் தோல்வாரில் தீட்ட வேண்டும். சில மாதத்துக்கு ஒருமுறை சாணைக்குக் கொடுக்க வேண்டும். கன்னம் வெட்டுப்படாமல் பார்த்துக்கொண்ட ரேசருக்குத் தினமும் சேவகம் செய்தாக வேண்டியிருந்தது.

அப்படி ஒரு ரேசரைப் பிடித்துக்கொண்டு, 1895-ல் ஒரு காலைப் பொழுதில், பாஸ்டனை ஒட்டிய புரூக்லைனில் கண்ணாடி முன் நின்றார் கிங் கேம்ப் ஜில்லெட். வயது நாற்பது. பதினாறு வயதில், 1871-ல், சிகாகோவின் பெருந்தீ அவருடைய குடும்பத்தின் தொழிலைச் சாம்பலாக்கியிருந்தது. அதற்குப் பிறகு ஊர் ஊராகச் சரக்கு விற்கும் பிழைப்பு. ராத்திரியில் யோசனை, எழுத்து. அமெரிக்கர் எல்லோரும் நயாகரா அருவி பக்கத்தில் ஒரே மாநகரில் போட்டியில்லாமல் வாழ வேண்டும் என்று 1894-ல் ஒரு புத்தகமே போட்டிருந்தார். ஏட்டில் உலகத்தையே மாற்றியவர் கையில், அன்றைக்குத் தீட்டியும் கூர் ஏறாத ஒரு கத்தி.

அவர் அப்போது வேலை பார்த்தது சோடா பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில். உள்ளே தக்கை, ஓரத்தில் நெளிநெளியாக மடிப்பு வைத்த தகர மூடியை 1892-ல் காப்புரிமையாக்கிய வில்லியம் பெயின்டர்தான் முதலாளி. ஒருமுறை பயன்படுத்திவிட்டுத் தூக்கியெறிகிற பொருளாகப் பார்த்துக் கண்டுபிடி, வாங்கினவன் திரும்பத் திரும்ப வருவான் என்று பெயின்டர் அவருக்குச் சொல்லியிருந்தார். அதிலிருந்து ஜில்லெட்டுக்கு அதே நினைப்பு. அகராதியை எடுத்து எழுத்து எழுத்தாக மனிதர் பயன்படுத்தும் பொருள்களை எல்லாம் பட்டியல் போட்டுப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. அன்று காலை, கூர் போன கத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அது கண்ணெதிரே வந்து நின்றது.

மயிரை வெட்டுவது விளிம்பு. மீதி எஃகெல்லாம் அந்த விளிம்பைத் தாங்குவதற்குத்தான். அப்படியானால் தடித்த முதுகு எதற்கு? காகிதம் போல் மெல்லிய எஃகில் இரண்டு பக்கமும் கூர் வைத்து, தாங்குகிற வேலையை வேறொன்றிடம் ஒப்படைத்துவிட்டால் போதும், மழுங்கினால் தூக்கியெறியலாம். கடைக்கு ஓடினார். பித்தளைத் துண்டுகள், கடிகாரச் சுருள்வில்லுக்கு ஆகும் எஃகு நாடா, ஒரு கைப்பற்றி, அரங்கள் வாங்கிவந்தார். ஊருக்குப் போயிருந்த மனைவிக்கு, இனி நமக்குப் பணக்கவலை இல்லை என்று கடிதம் எழுதினார். அந்தப் பணம் கைக்கு வர எட்டு ஆண்டுக்கு மேல் ஆகும் என்று அவருக்கு அப்போது தெரியாது.

தலையை எப்படி அமைப்பது என்பது சீக்கிரமே பிடிபட்டது. மெல்லிய பிளேடு தனியாக நின்றால் துவளும். அதனால் மேலே முதுகு வளைந்த ஒரு மூடி, கீழே பல் வைத்த ஒரு தகடு, இரண்டுக்கும் நடுவே பிளேடு. மூடியின் அடியில் நடுவே ஒரு மரையாணி, இரு பக்கமும் இரண்டு முளை. பிளேடில் அதற்கேற்ற மூன்று துளை. கீழிருந்து கைப்பிடியைத் திருகி இறுக்கும்போது பிளேடு மூடியின் வளைவோடு வில்லாக வளைந்து விறைத்து நிற்கும். மூடி, தகடு, கைப்பிடி என்று மூன்று துண்டு. பிளேடின் பலவீனத்தை மறைக்கப் பிறந்த ஏற்பாடு அது. தண்ணீரைப் பற்றி அப்போது யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

சிக்கலெல்லாம் பிளேடில். அவ்வளவு மெல்லிய எஃகைப் பழுக்கக் காய்ச்சினால் கோணிக்கொண்டது. கோணிய எஃகில் கூர் ஏறவில்லை. கத்திக் கொல்லர்கள் கைவிரித்தார்கள். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து வல்லுநர்களும், இது ஆகாத காரியம், விட்டுவிடு என்றார்கள். உலோகம் பற்றி முறையாகப் படித்திருந்தால் தானும் விட்டிருப்பேன் என்று ஜில்லெட்டே பின்னால் ஒப்புக்கொண்டார். படிக்காததால் விடவில்லை. ஆறு ஆண்டு ஓடியது. கைக்காசு கரைந்தது. நண்பர்களுக்கு அவர் ரேசர் ஒரு கேலிப்பொருள் ஆகிவிட்டது.

1901-ல் அதே தொழில்நுட்பக் கழகத்தில் படித்த வில்லியம் நிக்கர்சன் என்பவரிடம் விஷயம் போனது. முதலில் அவரும் மறுத்தார். பிறகு ஒரு மாதம் போல உட்கார்ந்து யோசித்துவிட்டு, செய்து பார்க்கலாம் என்றார். பிளேடுகளைக் கோணாதபடி அழுத்திப் பிடித்தே பதம் ஏற்றும் முறையையும், கூர் வைக்கும் இயந்திரங்களையும் உருவாக்கியவர் அவர்தான். பிளேடு கெட்டியாகி நின்றது. என்னைக் கேட்டால் இந்தக் கதையில் பாதிப் பெருமை அவருக்குச் சேர வேண்டும். ஆனால் கம்பெனிக்கு அவர் பெயரை வைக்க முடியவில்லை. ஆங்கிலத்தில் ‘நிக்’ என்றால் கத்தி பட்ட கீறல். சவரக்கத்தியின் பெட்டியில் அந்தச் சொல்லை எப்படி அச்சடிப்பது?

பாஸ்டன் துறைமுகத்துப் பக்கம் ஒரு மீன்கடையின் மாடியில் கம்பெனி நடந்தது. கடன் ஏறியது. ஜான் ஜாய்ஸ் என்ற பணக்காரர் கைகொடுத்ததால் மூச்சு திரும்பியது. 1903-ல் சரக்கு சந்தைக்கு வந்தது. அந்த ஆண்டு முழுக்க விற்றவை 51 ரேசர், 168 பிளேடு. தலைவருக்குச் சம்பளம் கொடுக்கக் கம்பெனியிடம் காசில்லை. ஜில்லெட் பாட்டில் மூடிக் கம்பெனியின் வேலையை ஏற்றுக்கொண்டு, மனமில்லாமல் லண்டனுக்குக் கப்பலேறினார்.

அவர் போய் இறங்கியது சுண்ணாம்புச் சீமை. லண்டனின் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையில் ஊறி வருவது. கெட்டிலின் அடியில் வெள்ளைப் பொருக்கு கட்டும். பாஸ்டனின் தண்ணீரோ மென்மையானது, சோப்பைத் தொட்டாலே நுரைக்கும். மென்னீர் ஊரில் பிறந்த ரேசருக்குக் கடின நீர் ஒரு சோதனைதான். சோப்பு கரைந்து நுரைக்க வேண்டுமானால் அது சோடிய உப்பாகவோ பொட்டாசிய உப்பாகவோ இருக்க வேண்டும். நீரில் கால்சியமும் மக்னீசியமும் இருந்தால் அவை சோப்பின் கொழுப்பைப் பிடுங்கிக்கொண்டு, கரையாத திரிதலாகிவிடும். நம் ஊரில் உப்புத்தண்ணியில் குளித்த யாருக்கும் அது தெரியும்: நுரை வராது, பிசுபிசுவென்று ஒட்டும், பக்கெட்டின் ஓரத்தில் சாம்பல் நிற வளையம் விழும். அந்தத் திரிதல் ரேசரின் மூடிக்கும் பிளேடுக்கும் இடையிலுள்ள மெல்லிய சந்தில் புகுந்துகொண்டால் வெறும் குழாய்த்தண்ணீர் பீய்ச்சி எடுக்க முடியாது. மூடியைக் கழற்றினால் ஒரே துடைப்பில் போய்விடும். பிளேடு துவளக்கூடாது என்று போட்ட மரை அங்கே வேறொரு வேலைக்கும் உதவியது.

லண்டனில் இருந்தவருக்கு, வெளிநாட்டு உரிமைகளை விற்றுவிடக் கம்பெனியில் பேச்சு நடக்கிறது என்று சேதி போனது. 1904-ல் பதறியடித்துத் திரும்பி வந்தார். வந்து பார்த்தால் நிலைமையே தலைகீழ். அந்த ஒரே ஆண்டில் 90,884 ரேசர் விற்றிருந்தது. நவம்பர் 15-ம் தேதி காப்புரிமையும் கைக்கு வந்தது. தோல்வார் வேண்டாம், சாணை வேண்டாம் என்ற விளம்பரமும், பிளேடு உறையில் அச்சான மீசை வைத்த அவர் முகமும் உலகம் சுற்றின. முதல் உலகப்போரில் அமெரிக்கா இறங்கியபோது அரசு படைவீரர்களுக்காக 35 லட்சம் ரேசர் வாங்கியது. வடகிழக்கு பிரான்ஸில் பல இடங்கள் வெள்ளைச் சுண்ணாம்பு நிலம். பதுங்குகுழிகளில் ரேசரைக் கழற்றிக் கழுவி மாட்டப் பழகிய கைகள், அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுபோயின.

1921-ல் காப்புரிமை காலாவதியாயிற்று. மூன்று துண்டும் மூன்று துளையும் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றானது. 1930-ல் ஹென்றி கைஸ்மன் என்ற போட்டியாளரோடு பிளேடின் துளை வடிவத்துக்காக வழக்கு வந்து, இரண்டு கம்பெனிகளும் ஒன்றாகின. இன்றைய பிளேடின் நடுவே நீளமாக ஓடும் வாய் அந்தக் காலத்தில் வந்து நிலைத்ததுதான். 1932-ல் ஜில்லெட் இறந்தபோது பெருஞ்செல்வத்தில் மிச்சம் அதிகமில்லை. அடுத்த இரண்டாண்டில் அவருடைய மூன்று துண்டுக்கே ஆபத்து வந்தது.

1934-ல் கம்பெனி கதவு வைத்த ரேசரை இறக்கியது. கழற்ற வேண்டியதே இல்லை. கைப்பிடியின் அடியிலுள்ள குமிழைத் திருகினால் தலையில் இரண்டு கதவு பட்டாம்பூச்சி இறக்கை போலத் திறக்கும், பிளேடை வைத்து மறுபடி திருகினால் மூடிக்கொள்ளும். எந்தத் துண்டும் கழிவுநீர்க் குழாய்க்குள் விழுந்து தொலையாது. பார்க்கவும் அழகு. மூன்று துண்டு ரேசர் இனிப் பழம்பொருள் என்றே தோன்றியது. அழகான அந்த ரேசர் ஒருநாள் ராமநாதபுரத்துப் பக்கத்தில், உப்புக் கிணற்றை நம்பியிருந்த எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்தது.

சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா தாத்தாவுக்குக் கொடுத்தது அது. எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை. தாத்தா திண்ணையில் கண்ணாடியைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஆசையாக அதில் மழித்தார். குமிழைத் திருகித் திருகி எங்களுக்கு வேடிக்கை காட்டினார். கழுவுவது உப்புக் கிணற்று நீரில். கதவுகளின் கீல்களுக்குள், கைப்பிடிக்குள் ஓடும் கம்பியைச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நீர் நின்று காய்ந்தது. ஒவ்வொரு முறை காயும்போதும் ஒரு படலம் உப்பு. இரண்டாம் வருஷம் குமிழ் முனகியது. மூன்றாம் வருஷம் ஒரு கதவு பாதியில் நின்றுவிட்டது. தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தார், வெந்நீரில் போட்டுப் பார்த்தார். உள்ளே கட்டியிருந்ததை எட்ட வழி இல்லை. திறக்கும் வசதிக்காகச் செய்தது திறக்காமல் போயிற்று.

டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய மூன்று துண்டு ரேசர் மறுபடி வெளியே வந்தது. முலாம் தேய்ந்து பித்தளை மஞ்சளாகத் தெரிந்த ரேசர். “இங்க வாடா, கழட்டிப் பாரு. உள்ளுக்குள்ள எம்புட்டு சுண்ணாம்பு இருக்குன்னு தெரியும்” என்று என் கையில் கொடுத்தார். மூடியைப் புரட்டினேன். மரையாணியைச் சுற்றி, முளைகளின் அடியில், கோலமாவு சிந்தியதுபோல வெள்ளை வளையம். அரை எலுமிச்சம்பழ மூடியை அதன் மேல் வைத்துத் தேய்த்தார். சின்னச் சின்னக் குமிழி கிளம்பியது. கட்டைவிரல் ஓட்டினால் வழவழவென்று உலோகம். சுண்ணாம்புப் படிவை அமிலம் கரைக்கும்போது வெளியேறும் கரியமில வாயுதான் அந்தக் குமிழி என்பதைப் பள்ளிக்கூடத்தில் பல வருஷம் கழித்துப் படித்தேன்.

மழிக்கும்போதே அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. நாலு இழுப்புக்கு ஒருமுறை கைப்பிடியை அரைச்சுற்றுத் தளர்த்துவார். சொம்பில் முக்கி ஆட்டுவார்; சந்தில் அடைத்திருந்த நுரை கழன்று மிதக்கும். மறுபடி இறுக்குவார். எல்லாம் முடிந்ததும் முழுக்கப் பிரித்துக் கழுவிவிட்டு, கடைசியாக ஒரு தம்ளர் ஊரணித் தண்ணீரை எல்லாத் துண்டின் மேலும் ஊற்றுவார். பிளேடைத் துணியால் துடைக்கவே மாட்டார், உதறி வைப்பதோடு சரி. ஊரணித் தண்ணீர் பெண்கள் ஒரு மைல் நடந்து சுமந்து வந்த குடிதண்ணீர். “குடிக்கிற தண்ணிய ரேசருக்கு ஊத்துறாக பாரு” என்று பாட்டி தினமும் சொல்லும். தாத்தா பதில் பேசாமல் அடுத்த நாளும் அதே தம்ளரோடு உட்காருவார். கடைசியாகக் காயும் நீரில் உப்பு இல்லாவிட்டால் படிவதற்கும் எதுவும் இருக்காது. அந்தச் சூட்சுமம் அந்த ஒரு தம்ளரில் இருந்தது.

இதற்கிடையில் பிளேடும் மாறியிருந்தது. வாளும் தோட்டக் கருவியும் செய்துவந்த வில்கின்சன் கம்பெனி 1960களின் தொடக்கத்தில் துருப்பிடிக்காத எஃகில் பிளேடு கொண்டுவந்தது. ஈரம் பட்டால் மறுநாளே சிவந்துபோன பழைய பிளேடுகளின் காலம் மெல்ல முடிந்தது. 1971-ல் இரட்டைப் பிளேடு கார்ட்ரிட்ஜ் வந்தது. அப்புறம் மூன்று, ஐந்து. நெருக்கி அடுக்கிய அந்தப் பிளேடுகளின் இடுக்கில் திரிந்த சோப்பு புகுந்தால் கழற்றிக் கழுவ வழியில்லை. கடின நீர் ஊர்களில் பலர் பழைய ரேசருக்கே திரும்பிய காரணங்களில் அதுவும் ஒன்று.

பிளேடு மழுங்கும் பழியை முழுக்க உப்புத்தண்ணியின் மேலேயே போட்டுவந்தோம். 2020-ல் அதிலும் ஒரு திருப்பம் நேர்ந்தது. மெல்லிய பிளேடு ஆகாத காரியம் என்று ஜில்லெட்டைத் திருப்பி அனுப்பிய அதே மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், பிளேடை மின்னணு நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தது. மயிரைவிட எஃகு ஏறத்தாழ ஐம்பது மடங்கு கடினம். அப்படியிருந்தும், எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில் மயிர் சாய்வாக மோதும்போது விளிம்பு சில்லு சில்லாகப் பெயர்ந்தது. மழுங்கலில் தண்ணீரின் பங்கு எவ்வளவோ, மயிரின் பங்கும் உண்டு. ஆனால் கதவைப் பூட்டியதும், சந்தை அடைத்ததும், முலாமுக்கு அடியில் அரித்ததும் தண்ணீர்தான்.

போன வருஷம் எனக்கு ஒரு புது ரேசர் தேவைப்பட்டது. இப்போது இருக்கும் அடுக்குமாடி வீட்டில் போர்த் தண்ணீர். இந்தியத் தரநிலை குடிநீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கிறது. வேறு நீர் இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்கிறது. எங்கள் ஷவர் தலையைப் பார்த்தாலே அந்த மேல்வரம்பின் ஞாபகம் வரும். கடையில் முதலில் கதவு வைத்ததைத்தான் எடுத்துக் காட்டினார்கள். அதை வைத்துவிட்டு மூன்று துண்டாகப் பிரிகிறவற்றைக் கேட்டு வாங்கி ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தேன். விலை குறைந்தவற்றில் தலை துத்தநாகக் கலவையில் வார்த்தது, மேலே குரோமிய முலாம். முலாமில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் போதும், உள்ளே துத்தநாகம் அரிக்கத் தொடங்கிவிடும். எலுமிச்சையில் ஊறவைக்கவும் பயம். பித்தளையில் செய்தது நல்லது. துருப்பிடிக்காத எஃகு இன்னும் நல்லது, விலைதான் கூட. மூடியின் அடியில் வேண்டாத பள்ளமும் திருப்பமும் இல்லாத ஓர் எஃகு ரேசரை எடுத்துக்கொண்டேன். தகட்டில் பல் அகலமாக, நுரை வழிந்தோட இடம் விட்டிருந்தது.

மறுநாள் காலை மழித்துவிட்டு மூன்றையும் பிரித்துக் கழுவி, ஆர்.ஓ. மிஷினிலிருந்து ஒரு தம்ளர் பிடித்துவந்து ஊற்றினேன். அடுப்படியிலிருந்து குரல் வந்தது: “குடிக்கிற தண்ணியையா ஊத்துறீங்க?”